கிளினிக்கில் தருகிற துண்டு: இதுவும் காப்புறுதி வெட்டுத்தானா?

#1 வாவிக்கரையான்

போன ஞாயிறு ஓஹையோவில் இருக்கும் மச்சான் அழைத்து ஒரு மணித்தியாலம் புலம்பினான். அவனுடைய மனைவி வேலை செய்யும் சிறிய ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ விடுதியை மூடப் போவதாகக் கதை அடிபடுகிறதாம். மெடிக்கெயிட் என்கிற அரச காப்புறுதியில் கைவைத்துவிட்டார்கள், அதுதான் காரணம் என்றான். கடைசியில் "உங்களுக்கென்ன மச்சான், ஆஸ்பத்திரி எல்லாம் ஓசி" என்று ஒரு பெருமூச்சு வேறு. நானும் ஓம் ஓம் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப் போனேன். அவவுக்குச் சீனி, பிரசர், கொழுப்பு மூன்றும் இருக்கிறது. விடிய நாலரைக்கு நம்பர் எடுத்தோம், மருந்து கைக்கு வரப் பதினொன்றரை. ஏழு வகையில் நாலுதான் உள்ளே இருந்தது. மற்ற மூன்றுக்கும் ஒரு துண்டு எழுதி, "வெளியில எடுங்கோ" என்றார்கள். பாமசியில் ஒரு மாதத்துக்கு 4,650 ரூபா சொன்னார்கள். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாதி எடுப்பம் மனே, மற்றது வாற மாதம் பார்ப்பம்" என்றா.

நாங்கள் காப்புறுதி என்று ஒரு சதமும் கட்டுவதில்லை. அதனால் எங்களிடம் வெட்டுவதற்கும் ஒன்றுமில்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அப்படியென்றால் இந்த 4,650 ரூபாவுக்கு என்ன பெயர்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க வேண்டாம். அங்கே நிற்பவர்களும் எங்கள் ஆட்கள்தான். துண்டு எழுதிய பிள்ளையின் முகமும் நல்லாயில்லை.

#2 நீலாவணையாள்

எங்கள் வீட்டில் போன மாதம் இன்சுலின் இருந்தது, அதை ஏற்ற ஊசி இல்லை. ஊசிக்குத் துண்டு.

#3 ஓஹையோ மச்சான்

வாவிக்கரையான் இந்த இழையின் இணைப்பை அனுப்பிவிட்டான், வாசித்தேன். ஓசி என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன், மாமியிடம் சொல்லு மச்சான்.

இங்குள்ள கதையையும் கொஞ்சம் ஒழுங்காகச் சொல்கிறேன், அன்றைக்கு ஆத்திரத்தில் கதைத்துவிட்டேன். மெடிக்கெயிட் 1965இல் வந்தது. வருமானம் குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், பிள்ளைகள், ஊனமுற்றவர்கள், முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள் எனப் பலர் இதற்குள் வருவார்கள். மத்திய அரசும் மாநிலமும் செலவைப் பங்கு போடும். இந்த நாட்டில் பிறக்கிற பிள்ளைகளில் பத்துக்கு நாலு பேரின் பிரசவச் செலவை இதுதான் கட்டுகிறது. 2025 ஜூலை 4இல் கையெழுத்தான சட்டம் அதில் பத்து வருடத்தில் 900 பில்லியன் டொலருக்கு மேல் குறைக்கிறது. 2034இல் இன்னும் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் காப்புறுதி இல்லாமல் நிற்பார்கள் என்று அவர்களுடைய காங்கிரஸின் வரவுசெலவு அலுவலகமே கணக்குச் சொல்லியிருக்கிறது.

வெட்டு எப்படி வேலை செய்கிறது என்பதுதான் சுவாரசியம். உன் அட்டையைப் பறிக்கிறோம் என்று யாரும் வந்து நிற்பதில்லை. வேலை செய்யக்கூடிய வயதுக்காரர்களில் ஒரு பகுதியினர் மாதம் 80 மணித்தியாலம் வேலை செய்ததாகக் காட்ட வேண்டும், 2027இலிருந்து. காட்டுவது என்றால் படிவம், இணையத்தளம், கடவுச்சொல். ஆர்க்கன்சாவில் 2018இல் இதே விதியைக் கொண்டுவந்து பார்த்தார்கள். சில மாதங்களிலேயே 18,000 பேர் காப்புறுதியை இழந்தார்கள். அதில் நிறையப் பேர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்தான், படிவத்தில் தவறினார்கள். மறு வருடம் நீதிமன்றம் அதை நிறுத்தியது.

காப்புறுதி போனவனுக்கு வருத்தம் வராமல் விடுமா? முற்றிய பிறகு அவசரப் பிரிவுக்கு வருவான். 1986இல் ஒரு சட்டம் இருக்கிறது, காசில்லை என்று அவசர நோயாளியைத் திருப்பி அனுப்ப முடியாது. பார்ப்பார்கள், பில் போடுவார்கள், அவனால் கட்ட முடியாது, ஆஸ்பத்திரிக்கு நட்டம். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி சமாளிக்கும். சின்ன ஊரில் இருப்பது எதை மூடலாம் என்று பார்க்கும். பிரசவ விடுதிக்கு இருபத்துநாலு மணித்தியாலமும் ஆள் வேண்டும், வருமானம் குறைவு. அதனால் பூட்டு முதலில் அங்கேதான். கிராமப்புற ஆஸ்பத்திரிகளுக்கென்று 50 பில்லியன் டொலர் நிதி ஒன்றும் அதே சட்டத்தில் வைத்திருக்கிறார்கள், ஐந்து வருடத்துக்கு. போகிற தொகைக்குப் பக்கத்தில் அது யானைக்குச் சோளப்பொரி.

#4 நேர்கோடு

இரண்டையும் போட்டுக் குழப்புகிறீர்கள். அமெரிக்காவில் உண்மையிலேயே வெட்டுகிறார்கள். இங்கே யாரும் வெட்டவில்லை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் சுகாதாரத்துக்கு 604 பில்லியன் ரூபா, அதில் மருந்துக்கு மட்டும் 185 பில்லியன். காசு இருக்கிறது. இல்லாதது நிர்வாகம். போலி இம்யூனோகுளோபியூலின் ஊசி மருந்தை வாங்கிய விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சரே 2024இல் கைதாகவில்லையா?

இன்னொன்றையும் சொன்னால் கோபிப்பீர்கள். ஓசி என்பதால் சனம் வீணாக்குகிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒரே ஆளுக்கு மூன்று ஆஸ்பத்திரியில் மூன்று கிளினிக் கொப்பி. அலுமாரியைத் திறந்தால் குளிசை கொட்டுகிறது. மாதம் ஒரு சிறு தொகை கட்டுகிற காப்புறுதி வந்தால் எல்லோரும் பொறுப்பாக இருப்பார்கள். கட்டியவன் தட்டிக் கேட்பான்.

#5 பழைய மிஸ்

தம்பி வாவிக்கரையான், நான் முப்பத்தொரு வருடம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலுமாக நாலு ஆஸ்பத்திரி. அந்தத் துண்டுகளில் எத்தனையோ என் கையெழுத்திலும் இருந்திருக்கும். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துண்டு புதிதல்ல. சண்டைக் காலத்திலும் எழுதினோம். ஆனால் அப்போது பாதை பூட்டு, லொறி வரவில்லை என்று காரணம் கண்ணுக்குத் தெரியும். 2022 வேறு மாதிரி. டொலர் இல்லாமல் போனதும், இறக்குமதியை நம்பிய நாட்டில் மருந்து தானாக நின்றது. எங்கள் மருந்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருவதுதானே. அந்த வருடம் மார்ச் கடைசியில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது பேப்பரில் வந்தது, இந்தியா உதவிக்கு வந்தது. சின்ன ஆஸ்பத்திரிகளில் நின்றவை பேப்பரில் வரவில்லை. நாங்கள் கையுறையை எண்ணி எடுத்தோம். அம்புலன்சுக்கு டீசல் இல்லாத நாட்களில், மாற்ற வேண்டிய நோயாளிகள் இரண்டு பேர் சேரும்வரை பார்த்திருந்து ஒரே ஓட்டத்தில் அனுப்பினோம். முதலாவது ஆள் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று கேட்காதீர்கள்.

இனி நேர்கோடு தம்பிக்கு. மூன்று கிளினிக் கொப்பி உண்மைதான், நானே கண்டு ஏசியிருக்கிறேன். ஆனால் அந்தக் கொப்பிகள் எப்போது பெருகின என்று யோசித்தீர்களா? இங்கே பிரசருக்கான லொசாட்டன் இல்லை, அங்கே இருக்குதாம் என்று சனம் ஓடத் தொடங்கிய பிறகுதான். கிடைக்கிற மாதம் இரண்டு இடத்தில் எடுத்து, கிடைக்காத மாதத்துக்கு ஒளித்து வைக்கிறார்கள். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற நாட்களில் வீட்டில் எத்தனை கான் சேர்த்தோம்? அதே புத்திதான். நீங்கள் வீண்விரயம் என்று கண்டது பயத்தை.

துண்டு வந்தால் வார்டில் என்ன நடக்கும் என்பதைத்தான் நான் சொல்ல முடியும். ஒரு வயல் வேலைக்காரர், ஐம்பது வயசு இருக்கும். பிரசர் குளிசை இரண்டு மாதம் உள்ளே இல்லை. வெளியில் முதல் மாதம் எடுத்தார், இரண்டாவது மாதம் மகளின் ரியூசன் காசு வந்து குறுக்கே நின்றது. தலையிடியும் இல்லை, மயக்கமும் இல்லை, அதனால் விட்டுவிட்டார். ஒரு விடியற்காலை முச்சக்கர வண்டியில் தூக்கி வந்தார்கள், வாய் கோணி, வலது பக்கம் விழுந்து. எங்களிடம் சீ.ரீ ஸ்கேன் இல்லை, மேலே அனுப்பினோம். பதினொரு நாள் வார்டு, மறுகா மாதக்கணக்கில் உடற்பயிற்சிச் சிகிச்சை. இப்போது அந்த வீட்டில் மனைவியும் வேலைக்குப் போக முடியாது, ஆள் பார்க்க வேண்டும். மகளின் ரியூசனும் நின்றது. அந்தக் குளிசையின் விலையையும் அரசாங்கம் அவருக்குப் பிறகு செலவழித்ததையும் யாராவது ஒரே தாளில் எழுதிப் பார்க்கட்டும்.

ஆட்கள் போனதையும் விட்டுவிடக் கூடாது. மயக்க மருந்து வைத்தியர் ஒருவர் வெளிநாடு போனால் சத்திரசிகிச்சைத் தியேட்டருக்கே பூட்டு. கட்டடம் அப்படியே நிற்கும், பெயர்ப்பலகை நிற்கும், சத்திரசிகிச்சை நிபுணரும் இருப்பார். ஊர்ச் சனத்துக்கு ஆஸ்பத்திரி இயங்குகிற மாதிரித்தான் தெரியும்.

#6 வாவிக்கரையான்

மிஸ், அந்த வயல்காரர் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிப் போய்க் குளிசை டப்பாவை எடுத்து வந்து, எது பிரசருக்கு என்று கேட்டா. இவ்வளவு நாளும் நிறத்தை வைத்துத்தான் போட்டிருக்கிறா.

#7 சாய்ந்தமருதுக் காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் பாமசி நடத்துகிறவன். இந்த இழையில் எல்லோரும் கடைசியில் எங்களைத்தான் திட்டப் போகிறீர்கள் என்று தெரிந்துகொண்டே வருகிறேன்.

கிளினிக் நாளில் பதினொரு மணிக்குப் பிறகு என் கடை நிரம்பும். ஒளிக்கவில்லை, எனக்கு வியாபாரம்தான். ஆனால் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பது என்ன தெரியுமா? துண்டில் முப்பது நாளைக்கு எழுதியிருக்கும். விலையைக் கேட்டதும் "பத்து நாளைக்குத் தாங்கோ" என்பார்கள். மிச்ச இருபது நாளைக்கு வருகிறவர்கள் குறைவு. மூன்று மருந்தில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால், "காக்கா, இதில எது முக்கியம்?" என்று என்னிடம் கேட்பார்கள். நான் டொக்டரா? எல்லாம் முக்கியம் என்றால் ஒன்றும் எடுக்காமல் போய்விடுவார்கள். பெரும்பாலும் சீனிக் குளிசையை எடுப்பார்கள், ஏனென்றால் சீனி குத்திப் பார்த்தால் நம்பர் தெரியும். கொழுப்புக் குளிசையைத்தான் முதலில் விடுவார்கள். இரண்டாவது பிரசர். மிஸ் சொன்ன அந்த ஆளைப் போல எத்தனை பேருக்கு நான் பாதி அட்டை வெட்டிக் கொடுத்திருப்பேன் என்று நினைத்தால் தூக்கம் வராது.

விலையை நாங்கள் ஏற்றுவதாக நினைக்கிறீர்கள். 2016இல் 48 மருந்துக்கு அரசாங்கம் உச்ச விலை போட்டது, நல்ல காரியம். 2022 மார்ச்சில் டொலர் பறந்தபோது மருந்து ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை 29 வீதம் கூட்ட விட்டது. ஏப்ரல் கடைசியில் இன்னும் 40 வீதம். முந்தின மாதம் வாங்கிய அதே குளிசையின் புது விலையைக் கேட்டுக் கிழவிகள் என்னோடு சண்டை பிடித்தார்கள். சம்பளம் அந்த வேகத்தில் ஏறியதா?

அப்புறம், ஆஸ்பத்திரிகள் அவசரத்துக்கு உள்ளூரில் வாங்குவதும் உண்டு. கடனுக்குக் கொடுப்போம், காசு வர மாதக்கணக்காகும். எங்களுக்கு மொத்த வியாபாரி அவ்வளவு நாள் தவணை தரமாட்டான். அதனால் சின்னக் கடைக்காரர் பலர் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். பிறகு அந்த ஆஸ்பத்திரியும் துண்டுதான் எழுத வேண்டும். சுற்றிச் சுற்றி அதே இடம்.

#8 கரவாகு

இதற்கெல்லாம் காரணம் கல்முனையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆதார வைத்தியசாலை வைத்திருப்பதுதான். ஒன்றுக்குக் கொடுத்தால்

#9 நடுவர்

கரவாகு, மிச்சத்தை நீக்கிவிட்டேன். இரண்டு ஆஸ்பத்திரிச் சண்டைக்கு ஏற்கனவே 41 பக்க இழை இருக்கிறது, அங்கே போங்கள். இங்கே துண்டைப் பற்றி மட்டும்.

#10 வெல்லாவெளி மாமா

நீங்கள் எல்லோரும் ரோட்டுக்கரை ஆட்கள். துண்டு எழுதினால் எதிரில் பாமசி இருக்கிறது உங்களுக்கு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் துண்டு எழுதினால் அதற்குப் பஸ் காசும் சேர்த்து எழுத வேண்டும்.

எங்களுக்கு வெட்டு என்றால் தூரம்தான். மண்டூர்ப் பக்கத்து ஆள் குருமண்வெளிக்குப் பாதையில் (ஆளையும் வண்டியையும் ஏற்றுகிற மிதவை) வாவியைக் கடக்க வேண்டும், இருட்டினால் பாதை இல்லை, வெல்லாவெளியால் சுற்றிப் பட்டிருப்புப் பாலத்தால் வர வேண்டும். மாரி வெள்ளத்தில் அதுவும் சந்தேகம். பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் ஒரேயொரு டொக்டர் ஐயா. அவர் லீவு என்றால் கட்டடத்துக்கும் லீவு. போன போகம் என் தம்பியின் மகனை வரம்பில் புடையன் கடித்தது. சின்ன ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு அம்புலன்சில் ஏற்றினார்கள். விஷ எதிர்ப்பு மருந்து ஏற்றினால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், பக்கத்தில் நின்று பார்க்க ஆளும் சாமானும் உள்ள இடத்தில்தான் ஏற்றலாமாம். நியாயம்தான். ஆனால் பாம்பு எங்கே கடிக்கிறது, மருந்து எங்கே இருக்கிறது? பெடியன் தப்பிவிட்டான், தெய்வாதீனம்.

ஒரு நல்லதையும் சொல்ல வேண்டும். விதைப்புக்கு முன்னம் பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மகன் வந்து எலிக்காய்ச்சல் குளிசை கொடுப்பார். கிழமைக்கு ஒருக்கால் போட வேண்டியது. அது ஒரு வருடமும் நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்தக் குளிசை நின்றால் எங்கள் கண்டத்தில் ஆளாளுக்குச் சிறுநீரகம் போகும். கொடுப்பதைப் பற்றி ஒருவரும் எழுதமாட்டீர்கள், அதுதான் நான் எழுதுகிறேன்.

#11 வெண்கட்டி டீச்சர்

எங்களிடம் வெட்டக் காப்புறுதி இல்லை என்று தம்பி முதலில் எழுதியிருந்தார். அது சரியில்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்கு இருந்தது, அது நின்றும் போனது. சுரக்ஷா. 2017இல் தொடங்கினார்கள், 2022 கடைசியில் நின்றது, 2024இல்தான் மறுபடி வந்தது. நடுவில் ஒன்றரை வருடத்துக்கு மேல், நாட்டின் மிக மோசமான காலத்தில், பிள்ளைகளுக்கு அது இல்லை.

அரச ஆஸ்பத்திரி ஓசிதானே, காப்புறுதி ஏன் என்று அப்போது சிலர் கேட்டார்கள். என் வகுப்பில் நான் கண்டதைச் சொல்கிறேன். பிள்ளை டெங்கோடு வார்டில் படுத்தால், பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும். தாயும் தகப்பனும் நாட்கூலி. நின்றால் அன்றைய கூலி இல்லை. சுரக்ஷாவில் வார்டில் தங்கிய நாட்களுக்கென்று ஒரு தொகை வரும் என்ற நம்பிக்கையில் கடன் வாங்கியாவது நிற்பார்கள். அது நின்ற காலத்தில், டொக்டர் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கையெழுத்து வைத்துவிட்டுப் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வந்த தாயொருத்தியை எனக்குத் தெரியும். பிள்ளைக்கு மறுநாள் வயிற்று நோவு கூடி, திரும்பக் கொண்டு ஓடினார்கள். டெங்கில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்று அந்தத் தாய்க்கு யார் சொல்வது?

இப்போது மறுபடி இருக்கிறது, ஆனால் பாதிப் பெற்றோருக்குத் தெரியாது. ஓஹையோத் தம்பி சொன்ன படிவக் கதை இங்கேயும்தான். ஆஸ்பத்திரித் தாள்களைத் தொலைத்துவிட்டு என்னிடம் வருவார்கள். நோய்நிர்ணய அட்டையை, பில்லை, எதையும் எறியாதீர்கள்.

#12 நேர்கோடு

டீச்சர், நீங்கள் என் பக்கம்தான் கதைக்கிறீர்கள் என்று தெரிகிறதா? காப்புறுதி உதவியது, நின்றதால் கஷ்டம். அரச ஊழியருக்கு அக்ரஹார இருக்கிறது, சம்பளத்தில் சின்னத் தொகை வெட்டுகிறார்கள், ஆஸ்பத்திரியில் படுத்தால் காசு வருகிறது. அதை எல்லோருக்கும் விரிப்பதில் என்ன பிழை?

#13 பழைய மிஸ்

நானும் அக்ரஹார கட்டியவள்தான் தம்பி. படுத்தால் காசு தரும், உண்மை. மாதாமாதம் கிளினிக்கில் எடுக்கிற குளிசைதான் ஆளைப் படுக்க விடாமல் வைத்திருப்பது. வாவிக்கரையானின் அம்மாவுக்குத் தேவை அந்த மூன்று மருந்தும் உள்ளே இருப்பது. மருந்தில்லாத ஆஸ்பத்திரிக்குக் காப்புறுதி அட்டையைக் கொண்டுபோய் என்ன செய்வது, அதைக் கரைத்துக் குடிக்கவா?

அதோடு, மாதம் தவறாமல் கட்ட யாரால் முடியும்? சம்பளக்காரரால். வெல்லாவெளி மாமா போகத்துக்குப் போகம் காசு காண்கிறவர். இரண்டு மாதம் கட்டத் தவறினால் அவரை வெளியே நிறுத்துவீர்களா? அப்படி நிறுத்தினால் ஓஹையோ இங்கேயே வந்துவிடும்.

#14 கணக்குப்பிள்ளை

மாகாண நிர்வாகத்தில் கணக்குப் பக்கம் வேலை செய்தவன். வாசித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். நேர்கோட்டின் 604 பில்லியனுக்காக வாயைத் திறக்க வேண்டியதாகிவிட்டது.

முதலில், ஒதுக்கீடு வேறு, கைக்குக் காசு வருவது வேறு. வரவு செலவுத் திட்டத்தில் எழுதியது ஒரு எண். மாதாமாதம் வருகிற கட்டுநிதி இன்னொரு எண். மருந்து விடயத்தில் அதற்கு மேல் மதிப்பீடு, கேள்விப்பத்திரம், தரச் சான்று, கப்பல் என்று இருக்கிறது. இன்றைக்குக் காசு ஒதுக்கினால் குளிசை அம்மாவின் கைக்கு வர மாதக்கணக்கு. இடையில் ஒரு வழங்குநர் பின்வாங்கினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனவே "காசு இருக்கிறது, மருந்து இல்லை" என்று நேர்கோடு சொல்வது பொய்யில்லை. ஆனால் அதை வெட்டு இல்லை என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, யாருடைய ஆஸ்பத்திரி என்பது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை கொழும்பு அமைச்சுக்குக் கீழே. எங்கள் ஆதார வைத்தியசாலைகளும் பிரதேச வைத்தியசாலைகளும் பெரும்பாலும் மாகாணத்துக்குக் கீழே. மாகாணத்துக்குச் சொந்த வருமானம் சொற்பம், மத்தியிலிருந்து வருவதைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். சின்ன ஆஸ்பத்திரியில் ஆளும் மருந்தும் குறையக் குறையச் சனம் நேரே பெரியதற்குப் போகும். அங்கே நெரிசல், ஒரு கட்டிலில் இரண்டு பேர். இங்கே கட்டில் காலி. பிறகு யாராவது கோப்பில் எழுதுவார்கள்: "நோயாளர் எண்ணிக்கை குறைவு, மேலதிக ஆளணி அவசியமில்லை". இந்த வசனத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதைத் தட்டிக் கேட்க எங்களுக்கு மாகாண சபை உறுப்பினர் என்று ஒருவர் இருந்தார். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. ஆளுநரிடம் மகஜர் கொடுக்கலாம், கொடுத்துவிட்டுப் போட்டோ எடுக்கலாம்.

மூன்றாவது, கொஞ்சம் கசப்பானது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு ஒப்பந்தம் செய்தபோது, வட்டியைக் கழித்துப் பார்த்தால் அரசின் வருமானம் செலவை விட மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 வீதம் மிஞ்ச வேண்டும், 2025இலிருந்து என்று ஒத்துக்கொண்டோம். வங்குரோத்தான நாட்டுக்கு வேறு வழி இருந்ததா என்பது பெரிய விவாதம், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் மிஞ்ச வைப்பதென்றால் ஏதோ ஓரிடத்தில் குறைக்கத்தான் வேண்டும். 2025 மார்ச்சில் மேலதிக நேரக் கொடுப்பனவுக் கணக்கை மாற்றியதற்கு எதிராகச் சுகாதார ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தது ஞாபகம் இருக்கிறதா? அடிப்படைச் சம்பளம் கூடியது, மேலதிக நேரத்துக்கான கணக்கு மாறியது.

ஏற்கனவே இந்த நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் 40 வீதத்துக்கு மேல் சனம் தன் கையால் கொடுப்பதுதான். இலவசம் என்று சொல்லிக்கொண்டே. அமெரிக்காவில் ஒரு வெட்டு வந்தால் அதற்குச் சட்டத்தின் பெயர் இருக்கும், கையெழுத்தான திகதி இருக்கும், ஆதரித்தவன் எதிர்த்தவன் பட்டியல் இருக்கும், எத்தனை பேர் பாதிக்கப்படுவார்கள் என்று ஓர் அலுவலகம் கணக்குப் போடும். நாங்கள் பட்ஜெட்டில் பற்றாக்குறையைத் துண்டு விழும் தொகை என்போம். அந்தத் துண்டு எங்கே விழுகிறது என்று இத்தனை வருடம் கணக்கு எழுதியும் நான் யோசித்ததில்லை. உங்கள் அம்மாவின் கிளினிக் கொப்பிக்குள் விழுந்திருக்கிறது.

வாவிக்கரையான், ஒரு சின்ன உதவி. அந்தத் துண்டு கையில் இருந்தால் பாருங்கள், அதில் என்னென்ன எழுதியிருக்கிறது?

#15 நேர்கோடு

எண்களை ஒப்புக்கொள்கிறேன். நிர்வாகம்தான் பிரச்சினை என்பதில் இன்னும் மாறவில்லை. ஆனால் மூன்று கொப்பி விடயத்தில் மிஸ் சொன்னது சரி, அந்த வீட்டில் போய்க் கேட்டேன். மூன்றாவது கொப்பி 2022 ஓகஸ்டில் போட்டது.

#16 சாய்ந்தமருதுக் காக்கா

கணக்குப்பிள்ளை பதிலுக்குக் காத்திருக்கிற நேரத்தில் உருப்படியாக இரண்டு விடயம். பெரிய சத்திரசிகிச்சை, இருதயம், புற்றுநோய் என்று வந்தால் ஜனாதிபதி நிதியத்தில் விண்ணப்பிக்கலாம். முன்பு அதற்கென்று கொழும்புக்கு அலைய வேண்டும், 2025 பெப்ரவரியிலிருந்து உங்கள் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். எல்லாம் முடிந்து பில்லோடு போகாதீர்கள், சத்திரசிகிச்சைக்கு முன்னமே போய்க் கேளுங்கள்.

மற்றது, துண்டோடு வரும்போது கொம்பனிப் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதே மருந்தில் விலை குறைந்தது இருக்கிறதா என்று கேளுங்கள். அநேகமாக இருக்கும். கேட்கிற ஆளுக்கு எடுத்துக் கொடுப்போம். கேட்காத ஆளுக்கு... சரி, என் தொழிலையும் கொஞ்சம் விடுங்கள்.

#17 வெல்லாவெளி மாமா

காக்கா, உங்கள் கடை எங்கே என்று சொன்னால் பஸ் ஏறியே வருவேன்.

#18 வாவிக்கரையான்

இன்றைக்கு மறுபடி கிளினிக். கொழுப்புக் குளிசை வந்திருந்தது, மற்ற இரண்டும் இல்லை. புதுத் துண்டு. பழையதும் கொப்பிக்குள் இருந்தது, இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு எழுதுகிறேன்.

கணக்குப்பிள்ளை ஐயா, கேட்டீர்களே. மருந்தின் பெயர் இருக்கிறது. எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று இருக்கிறது. திகதி இல்லை. அம்மாவின் பெயர் இல்லை. சீல் இல்லை. கையெழுத்து இல்லை. உள்ளே இல்லாததால்தான் வெளியே எழுதப்பட்டது என்றும் இல்லை. ஏதோ ஒரு நாட்காட்டித் தாளின் பின்பக்கம். முன்பக்கத்தில் சுபநேரம் போட்டிருக்கிறது.

#19 கணக்குப்பிள்ளை

நினைத்தேன். அப்படியென்றால் எந்தக் கணக்கிலும் அது இல்லை தம்பி. களஞ்சியத்தில் கையிருப்பு பூச்சியம் என்று இருக்கும். வெளியே எத்தனை பேர் எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்பது ஓரிடத்திலும் ஏறாது.

#20 பழைய மிஸ்

நானும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். முப்பத்தொரு வருடம். கிடைத்த தாளில். திகதி போட வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

அடுத்த முறை தரும்போது கிளினிக் கொப்பியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள் தம்பி, "கையிருப்பில் இல்லை" என்ற சொல்லோடு. மரியாதையாகக் கேளுங்கள், அந்தப் பிள்ளையோடு சண்டைக்குப் போக வேண்டாம். அவளுக்கும் வீட்டில் ஒரு அம்மா இருப்பா.

#21 வாவிக்கரையான்

சரி மிஸ். இந்த இரண்டிலும் நானே பேனையால் திகதி போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு அன்ரியிடமும் நாலு துண்டு இருக்கிறதாம், அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருக்கிறா. நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன், எந்த மாதத்துத் துண்டு என்று அவவுக்கு ஞாபகம் இருந்தால்.